முகம் மாற்றிக்கொண்ட மலை ஊர்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஓர் ஊரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில், சியாட்டிலிலிருந்து கிழக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் காஸ்கேட் மலைகளுக்கு நடுவே லெவன்வொர்த். ரயிலும் மர அறுவை மில்லும் சோறு போட்ட ஊர். 1920-களில் ரயில்வே வெனாட்சிக்குப் போய்விட்டது, மில்லும் மூடியது. அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் கடைவீதி காற்று வாங்கியது.

1962-ல் ஊர்க்காரர்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உதவியோடு, கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். நெடுஞ்சாலை ஓரம் உணவகம் நடத்திய டெட் பிரைஸ், பாப் ராஜர்ஸ் இருவருக்கும் கலிபோர்னியாவின் சால்வாங் ஊர் மனதில் இருந்தது. அது டென்மார்க் பாணி ஊர். ஆனால் சால்வாங்கை உண்டாக்கியவர்களே டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள்தான். லெவன்வொர்த்தில் பவேரியப் பரம்பரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. மலைதான் ஆல்ப்ஸ் மாதிரி இருந்தது! அந்த மலையை நம்பியே இறங்கிவிட்டார்கள்.

1965-ல் சிக்கமின் ஹோட்டல், எடல்வைஸ் ஹோட்டல் ஆனது. அடுத்தடுத்து மற்ற கடைகள்: மர பால்கனி, அகலமான கூரை விளிம்பு, சுவரில் ஓவியம், ஜன்னலில் பூத்தொட்டி. செலவு கட்டடச் சொந்தக்காரர்களுடையது. நொடித்துப்போன ஊரில், வெறும் முகப்புக்காகக் கடன் வாங்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஸ்ட்ரக்சுரல் கணக்கில் அலங்காரம் ஒரு சுமை. அங்கே அதுதான் ஊரைத் தாங்குகிறது.

"போலி ஊர்" என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அரைகுறையாகச் செய்திருந்தால்தான் போலி. பவேரியப் பாணி அங்கே சட்டமாகவே இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் கூட அதற்குக் கட்டுப்பட்டுத்தான் பலகை மாட்டியிருக்கிறது. சுமார் 2,400 பேர் வசிக்கும் ஊருக்கு வருஷத்துக்கு 20 லட்சம் பேர் வருகிறார்கள்.

என் கவலை வேறு. வார இறுதிக்கு வந்து தங்க வெளியூர்க்காரர்கள் வீடு வாங்கி வாங்கி, விலை எங்கேயோ போய்விட்டது. ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவரும் சமையல்காரரும் அந்த ஊரில் குடியிருக்க முடியாமல், 35 கிலோமீட்டர் தள்ளி வெனாட்சியிலிருந்தெல்லாம் வந்து போகிறார்கள். முகப்புக்குச் சட்டம் போட்ட ஊரால் வாடகைக்கு வழி காண முடியவில்லை. ஊரைக் காப்பாற்றியது யாருக்காக?

பழைய கடைவீதிப் படமும் இன்றைய படமும் கொண்டுவந்திருக்கிறேன். சிவில் மாணவர்கள் டீ இடைவேளையில் வாருங்கள், எது பழைய சுவர், எது ஒட்டவைத்தது என்று பார்ப்போம்.