புள்ளி குறைவென்று விண்ணப்பத்தை மடித்து வைக்க வேண்டாம்

(உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த பின்னர் தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், அரைப்பேர், கொழுந்து நிறை என்று பேசத்தான் நாம் வழமையாக இங்கே கூடுவோம். இன்று பல்கலைக்கழக விண்ணப்பம் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் சங்கத்து வேலைதான். கிடைக்க வேண்டியது கேட்காததால் கிடைக்காமல் போனால், அது சம்பளமானாலும் படிப்பானாலும் நட்டம் நமக்குத்தான்.

பெறுபேறு வந்த நாளிலிருந்து நாம் லயங்களில் ஒரே பேச்சைத்தான் கேட்கிறோம். "மூன்று பாடமும் பாஸ் சேர், ஆனா இசட் புள்ளி மைனஸ்ல வந்திருக்கு. இதுக்கு எங்க கெம்பஸ் கிடைக்கப் போகுது?" அத்தோடு பிள்ளை கொழும்புக் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போய்விடுகிறது. விண்ணப்ப முடிவுத் திகதியும் போய்விடுகிறது. ஆணைக்குழு அந்தப் பிள்ளையை நிராகரிக்கவில்லை. அதன் பெயரே அங்கே போய்ச் சேரவில்லை.

முதலில் இந்த இசட் புள்ளி என்னவென்று தெரிந்துகொள்வோம். ஒரு பாடத்தை நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரிப் புள்ளி 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் பரந்திருக்கும் அளவு, அதாவது நியம விலகல், 15 என்று வையுங்கள். நம் பிள்ளை 39 எடுத்தால், சராசரிக்கு 6 குறைவு. 6ஐ 15ஆல் பிரித்தால் 0.4. கீழே இருப்பதால் மைனஸ் 0.4. இப்படி மூன்று பாடத்துக்கும் கணக்குப் பார்த்து, அவற்றின் சராசரியைத்தான் இசட் புள்ளி என்கிறோம். மைனஸ் என்றால் சித்தியடையவில்லை என்று அர்த்தமில்லை. நாட்டுச் சராசரிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறோம் என்பது மட்டும்தான். விண்ணப்பிக்க அடிப்படைத் தகுதி வேறு: ஒரே தடவையில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. அது இருந்தால் விண்ணப்பிக்கும் உரிமை இருக்கிறது.

அடுத்த கேள்வி, ஏன் நம் பிள்ளைகள் கீழே நிற்கிறார்கள்? மூளை குறைவா? தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் இதற்கு நாம் பதில் சொல்கிறோம். இந்தப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். நம்மில் பெரும்பாலான பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு அல்லது சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலைக்குப் போக பிள்ளை விடிய முன் பஸ் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதை உடைந்தால் அதுவுமில்லை. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுக்கப் போன வகுப்புகளை நமக்குத் தெரியும். கொழும்பில் மூன்று டியூஷன் வகுப்புக்குப் போன பிள்ளையும், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையும் ஒரே தாளைத்தான் எழுதினார்கள். அந்த 39க்குப் பின்னால் நடந்த தூரத்தைத் தாள் காட்டாது.

இந்த வித்தியாசத்தை நாட்டின் அனுமதிக் கொள்கையே ஓரளவு ஒத்துக்கொள்கிறது. இதை எல்லோரும் மனதில் வையுங்கள். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்பப் பிரித்து. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16க்குள் இருக்கின்றன. அதனால்தான் ஒரே பாடநெறிக்கு கொழும்புக்கு ஒரு வெட்டுப்புள்ளி, நுவரெலியாவுக்கு இன்னொரு வெட்டுப்புள்ளி. மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் வெட்டுப்புள்ளி அட்டவணையை நம் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். சில கட்டங்களில் மைனஸ் எண்களே இருப்பதைக் காண்பீர்கள். போன வருட எண் இந்த வருடமும் அப்படியே வராது. ஆனாலும் எது எட்டும் தூரம் என்று அது காட்டும்.

"கோட்டாவில போனவன்" என்று யாராவது சொல்வார்கள் என்ற கூச்சம் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது வடக்கு மாணவர்களுக்கு ஏற்பட்ட காயத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் இன்று மாவட்ட அடிப்படையில் நாட்டின் எல்லா மாவட்டப் பிள்ளைகளும்தான் போகிறார்கள். உள்ளே போனபின் எழுதும் பரீட்சையில் யாருக்கும் கோட்டா இல்லை. பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

அதே நேரம் பொய் நம்பிக்கை தரவும் நாம் வரவில்லை. மாவட்டக் கோட்டா மாவட்டத்தைப் பார்க்கிறது, லயத்தைப் பார்க்கவில்லை. ஹட்டன், நுவரெலியா நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளும் தோட்டப் பிள்ளைகளும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்த 5 வீதமும் இல்லை. இது சங்கம் கேள்வி எழுப்ப வேண்டிய விடயம். கேள்வி எழுப்பும் வரை இருக்கிற கதவைத் தட்டாமல் இருக்கக் கூடாது.

தட்டும் முறையைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைக் கையில் எடுங்கள். முன்னே பின்னே தெரிந்தவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம். சில பாடநெறிகளுக்கு மாவட்டக் கோட்டா இல்லை, தீவு முழுவதற்கும் ஒரே வரிசை. எவை என்று அதில் இருக்கிறது.

இரண்டு, விருப்பத் தெரிவுகளை இரண்டு மூன்றோடு நிறுத்த வேண்டாம். மேலே எழுதியது கிடைக்காவிட்டால்தான் அடுத்ததைப் பார்ப்பார்கள். எட்டாது என்று தோன்றுவதை முதலில் எழுதுவதால் கீழே உள்ளது கெட்டுப்போகாது. ஆனால் எழுதாத பாடநெறி ஒருபோதும் கிடைக்காது. போக மனமில்லாததை எழுதவும் வேண்டாம்.

மூன்று, சங்கீதம், நடனம், சித்திரம், உடற்கல்வி போன்ற சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையோ செய்முறைப் பரீட்சையோ உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவற விட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை. மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் இருக்கிறது. இவற்றை நம் பிள்ளைகள் கேள்விப்படுவதே குறைவு.

நான்கு, முதல் தெரிவில் பெயர் வராவிட்டாலும் வெற்றிடம் நிரப்பும்போது அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். விண்ணப்பித்தவரைத்தான் கூப்பிட முடியும்.

ஐந்து, பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மாவட்டத்தைத் தீர்மானிப்பதில், பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தது என்பது முக்கியம். பிள்ளையை வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற்ற நினைக்கும் பெற்றோர் அதற்கு முன் எங்களிடம் கேளுங்கள்.

பல்கலைக்கழகம் மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் தனி. பதுளையிலும் கண்டியிலும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்கள் இருக்கின்றன. வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். மறுபடி எழுத நினைப்பவர்களும் இந்த வருட விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுப் புத்தகத்தை எடுங்கள்.

அம்மாமாரே, காசு பற்றி யோசிக்கிறீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல புலமைப்பரிசிலும் நிதியுதவியும் இருக்கின்றன. அவற்றுக்குக் குடும்ப வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். கிராம சேவகரிடம் போக ஒரு நாள் பேர் போகும் என்று பின்போட வேண்டாம்.

கடைசியாக, கிளை மூன்று வேலையைப் பொறுப்பெடுக்கும்படி கேட்கிறோம். ஒவ்வொரு டிவிசனிலும் உயர்தரம் எழுதிய பிள்ளைகளின் பட்டியலைத் தலைவர்கள் இந்தக் கிழமைக்குள் தர வேண்டும், புள்ளி எதுவானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் காரியாலயத்தில் ஆசிரியர்களான நாங்கள் இருப்போம். கொமியூனிகேஷன் கடைக்குக் காசு கொடுக்காமல் அங்கேயே ஒன்லைனில் நிரப்பலாம். தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தர விஞ்ஞான, கணித ஆசிரியர்களைக் கேட்கும் கோரிக்கையை மாவட்டக் கூட்டத்துக்கு இந்தக் கிளை எழுத்தில் அனுப்ப வேண்டும்.

தம்பி தங்கச்சிகளே, உங்கள் புள்ளியைப் பார்த்து முடிவு சொல்லும் வேலை ஆணைக்குழுவுடையது. அந்த வேலையை நீங்களே செய்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெறுபேற்றுத் தாளோடு வாருங்கள்.