அயலார் உறக்கம் கெடாமல் இசை கேட்டல்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் என்னைப் பேசுமாறு பணித்தபோது, "நான் மெட்ரிக் வரை படித்த குமாஸ்தா, எதைப் பேசுவது?" என்று கேட்டேன். "இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறீரே, அதைப் பற்றியே பேசும்" என்றார். ஆகவே ஹெட்போன் வழியாக இசை கேட்பதில் நான் பட்டு அறிந்தவற்றைச் சொல்ல முன்வந்தேன். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நம் காலனி வீடுகளின் நிலை தாங்கள் அறிந்ததே. இரு வீட்டுக்கும் ஒரே சுவர். என் அடுத்த வீட்டு நண்பர் இரயில் எஞ்சின் ஓட்டுபவர். இரவு முழுதும் விழித்துப் பகலில் உறங்குபவர். ஒரு நாள் நண்பகலில் நான் கச்சேரி ஒன்றை உரக்க வைத்துக் கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. மாலையில் சிவந்த கண்களோடு மீண்டும் டியூட்டிக்குப் புறப்பட்டார். அவர் உறக்கம் அவருடையது மட்டுமா? அவரை நம்பி வண்டியில் ஏறும் அத்தனை பேருடையதும் அன்றோ! அன்றே ஒலிபெருக்கியைப் பரண்மேல் ஏற்றினேன்.

ஹெட்போன் நேற்று வந்த பொருளன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த கருவியை 1910-ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இரு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை 1958-இல் ஜான் காஸ் என்பவர் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

நான் முதலில் வாங்கியது மலிவான ஒன்று. கோடையில் கூலரின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். பருவம் முடிவதற்குள் இரவில் காதுக்குள் ஓயாத ரீங்காரம் கேட்கத் தொடங்கிற்று. மருத்துவர் கூறிய கணக்கு இது. 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பதால், கேட்கும் நேரம் பாதியாதல் வேண்டும். 90 டெசிபெல் ஆயின் வாரத்திற்கு ஏறத்தாழ 4 மணி நேரமே! செவியின் உட்புற நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. இதைக் கேட்டபின்னரே கருவியைச் சீர்செய்யும் வழிகளை ஆராய்ந்தேன்.

முதலாவது, காதை அணைக்கும் மெத்தை. அது நைந்துபோனாலும், மூக்குக் கண்ணாடியின் காம்பு இடையில் புகுந்தாலும், இடுக்கு வழியே கீழ்த்தாயி ஒலி கசிந்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி எனக்குக் கேளாமற் போனதற்குக் காரணம் இதுவே. சில நூறு ரூபாயில் மெத்தையை மாற்றினேன், தொப்பி பேசிற்று. கூலர் ஓடும் வீட்டில் புறம் திறந்த வகை பயன்படாது. மூடிய வகையே இரைச்சலைத் தடுக்கும். தடுத்தால் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, பொருத்தம். ஹெட்போனின் மின்தடை ஓம் என்னும் அளவில் குறிக்கப்படும். 16, 32 ஓம் உள்ளவை பெரும்பாலும் கைப்பேசியாலேயே நன்கு இயங்கும். 300 ஓம் உள்ளதைக் கைப்பேசியில் மாட்டுவது, சிறு எஞ்சினைக் கொண்டு நெடிய சரக்கு வண்டியை மேட்டில் இழுப்பது போலாகும். அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுத் தடை ஹெட்போன் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மிகாதிருத்தல் நலம்.

மூன்றாவது, ஈக்வலைசர். வேண்டும் ஒலியை உயர்த்துவதைவிட, மிகையானதைக் குறைப்பதே மேல். உயர்த்தியே ஆகவேண்டுமெனில் மொத்த ஒலியை அதே அளவு தாழ்த்துக. இன்றேல் ஒலி சிதைந்து கரகரக்கும். இரு கருவிகளை ஒப்பிடுங்கால் இரண்டையும் ஒரே உரப்பில் வைத்துக் கேட்க வேண்டும். சற்றே உரத்திருப்பதையே சிறந்ததென்று மனம் மயங்கும். பார்சலை நிறுக்குமுன் தராசு முள் நேரே நிற்கிறதா என்று பார்ப்பதில்லையா?

நான்காவது, மூலம். பதிவு கெட்டிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அதைத் திருத்தாது. இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

1991-இல் என் தங்கை பிறந்தபோது, அன்னையார் பாடிய தாலாட்டைத் தந்தையார் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். அன்னையார் இன்று இல்லை. பல்லாண்டு கழித்து அதைப் போட்டபோது குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்டது. டேப்ரிகார்டரின் தலைப்பகுதியைத் தூய்மை செய்தேன். அதன் அருகிலுள்ள சிறு திருகாணியை, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். தலை நாடாவுக்குச் செங்குத்தாக நின்ற கணத்தில் குரல் தெளிந்தது. தூளிக் கயிற்றின் முனகல் கேட்டது. நடுவே ஒரு சரக்கு வண்டி கடந்து போயிற்று. அது போகும்வரை அன்னையார் பாட்டை நிறுத்திக் காத்திருந்து, பின் விட்ட இடத்தில் தொடர்ந்தார். அந்த மௌனத்தை அதற்குமுன் நான் இரைச்சல் என்றே எண்ணியிருந்தேன்.

உடனே அதைக் கணினியில், சுருக்காமல் முழுமையாகப் பதிந்துகொண்டேன். மறுநாள் என் மகள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். பள்ளியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிப்பவள் அவள். பாதியில் நிறுத்தி, "அப்பா, தூளி என்றால் என்ன?" என்று கேட்டாள். பாட்டியை நேரில் காணாத குழந்தை, பாட்டியிடமிருந்து ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டாள்.

பெரியோர்களே! நம் வீட்டுப் பெட்டிகளில் இத்தகைய நாடாக்கள் உறங்குகின்றன. ஈரமும் வெப்பமும் அவற்றை ஆண்டுதோறும் அரிக்கின்றன. புதிய கருவி வாங்கப் பணம் செலவிடுமுன் அவற்றை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு மாலைகளில் நாடாவோடு என் வீட்டுக்கு வாருங்கள். இயன்றதைச் செய்து தருகிறேன். ஒன்றே வேண்டுகோள்: கதவை மெல்லத் தட்டுங்கள். அடுத்த வீட்டு நண்பர் உறங்கிக்கொண்டிருப்பார்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!