சாவியைக் கொடுத்துவிட்டால் போதுமா?

(லண்டனில் தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மாரே, இரவு ஷிஃப்ட் முடித்து நித்திரை கொள்ளாமல் வந்து பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகளே,

வாழ்த்துரை எல்லாம் முடிந்துவிட்டது. நான் சண்டை பிடிக்க வந்திருக்கிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இந்த நாட்டில் வளர்ந்து பெரியவராகும்போது உள்ளூர் கவுன்சிலில் இருந்து நல்ல செய்தி வரும். உங்கள் மகனுக்குத் தனி வீடு, அல்லது பகிர்ந்த வீட்டில் தனி அறை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். சாவி அவர் கையில். உதவிக்கு ஆட்கள் வந்து போவார்கள். இதற்குச் சப்போர்ட்டட் லிவிங் என்று பெயர். அந்தக் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் எங்கே திரும்பிப் போவது? பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நடந்ததை 2011-இல் பிபிசியின் ரகசியக் கமரா காட்டியது. தலைக்கு வாரம் சராசரி 3,500 பவுண்டு வாங்கிக்கொண்டு அங்கிருந்தவர்களை அடித்தார்கள். உடுப்போடு குளிர்நீரில் நனைத்தார்கள். 11 ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது. தேவையில்லாமல் மருத்துவமனைகளில் இருப்பவர்களை 2014 ஜூனுக்குள் வெளியே கொண்டுவருவோம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அதற்குப் பத்து வருடம் கழித்தும், ஆட்டிசம் உள்ளவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 பேர் உள்ளேதான் இருந்தார்கள்.

அது ஒரு கொடுமை. வெளியே வாழ்பவர்கள் தப்பினார்களா? அதைப் பற்றித்தான் இன்று கதைக்க வேண்டும்.

சஃபோக்கில் டவுண் சின்ட்ரோம் உள்ள 33 வயது மனிதர் ஒருவர். சின்ன வயதிலிருந்தே அவருக்கு மலச்சிக்கல். அவர் இருந்த இடம் முன்பு பதிவு பெற்ற பராமரிப்பு இல்லம். என்ன சாப்பிட்டார், எப்போது வயிறு இளகியது என்று அங்கே பார்த்து வந்தார்கள். 2010-இல் அதே இடம் சப்போர்ட்டட் லிவிங் ஆனது. கட்டடம் மாறவில்லை, அவருடைய குடலும் மாறவில்லை. பார்ப்பதுதான் நின்றுபோனது. 2012 நவம்பரில் வயிறு பெரிதாக வீங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சத்திரசிகிச்சையில் அவர் வயிற்றிலிருந்து எடுத்த மலம் ஏறத்தாழ 10 கிலோ. பிறகு இறந்துபோனார். மரண விசாரணை முடிய 2018 ஆனது.

மேடையில் நின்று மலத்தைப் பற்றிக் கதைப்பதா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சுளியுங்கள். இந்த முகச்சுளிப்பில்தான் நம் பிள்ளைகள் சாகிறார்கள். இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 வருடம் முந்திப் போகிறார்கள். 2022-இல் நிகழ்ந்த அவர்களுடைய மரணங்களில் 42 விழுக்காடு தவிர்த்திருக்கக் கூடியவை. பொதுமக்களிடையே அது 22 விழுக்காடு.

பராமரிப்பு நிறுவனங்கள் கைவசம் வைத்திருக்கும் வசனம் ஒன்று உண்டு: "அது அவருடைய தெரிவு." மூன்று நாளாகக் குளிக்கவில்லையா? அவருடைய தெரிவு. காலையும் மாலையும் சிப்ஸா? அவருடைய தெரிவு. சரி, யாரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது என்று அவரிடம் கேட்டீர்களா? இன்று இரவு யார் வருவார் என்பது அவருக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ஆள் இல்லை என்கிறீர்களே, அங்கே மட்டும் தெரிவு எங்கே போயிற்று? உங்களுக்கு வேலை குறையும் இடத்தில் அவருக்குச் சுதந்திரம், வேலை கூடும் இடத்தில் ரோட்டா, அதாவது ஆட்களின் வேலை அட்டவணை, சரிவராது!

மேற்பார்வை இல்லையா என்று கேட்பீர்கள். சீ.கியூ.சி. என்ற பராமரிப்புத் தர ஆணையம் இருக்கிறது. பராமரிப்பு இல்லம் என்றால் கட்டடத்தையும் பார்க்கும், கவனிப்பையும் பார்க்கும். சப்போர்ட்டட் லிவிங்கில், குளிப்பாட்டுவது ஊட்டுவது போன்ற உடல் பராமரிப்பைத் தரும் நிறுவனத்தை மட்டும்தான் பார்க்கும். வீடு சட்டப்படி தனியார் வீடு, அது ஆணையத்தின் பொறுப்பில் வராது. உடல் பராமரிப்பே இல்லாத இடமென்றால் பதிவும் தேவையில்லை.

இனிப் பின்வரிசைக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகளோடு இரவு தங்குவது நீங்கள். ஸ்லீப்-இன் ஷிஃப்ட்டுக்கு என்ன சம்பளம்? உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் ஒன்பது மணி நேர இரவுக்கு ஏறத்தாழ 29 பவுண்டு. நித்திரை கொள்ள அனுமதித்த நேரம் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் வராது என்று 2021 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சட்டத்தில் உள்ளதைத்தான் வாசித்தார்கள், அதை மாற்ற வேண்டியது வெஸ்ட்மினிஸ்டர் பாராளுமன்றம். இந்தக் காசுக்கு யார் நிலைத்து நிற்பார்? ஆறு மாதத்தில் சூப்பர்மார்க்கெட் வேலைக்குப் போய்விடுவார், ஏஜென்சி புது முகத்தை அனுப்பும். வாய் பேசாத ஒருவர் வயிற்றைப் பிடித்தால் வலியா, பயமா, பசியா என்பது இரண்டு வருடம் கூட இருந்தவருக்குத்தான் விளங்கும். நாற்பது பக்கப் பராமரிப்புத் திட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

மலிவாகக் கேட்கும் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டுத் தரத்தைப் பற்றிக் கதைக்கும் கவுன்சிலைத்தான் நான் முதலில் குற்றம் சொல்வேன். அடுத்தது நம்மை. நம்மில் பாதிப்பேர் கல்யாண வீட்டுக்கு இந்தப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதில்லை. இங்கிலீஷ் சரளமில்லை என்று மறுஆய்வுக் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வருகிறோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தானாகக் கலந்துகொள்வது பெரும் சிரமமாக இருந்து, அவருக்காகப் பேச ஏற்ற ஆளும் இல்லாவிட்டால், தனிப் பரிந்துரையாளர் ஒருவரை ஏற்படுத்துவது 2014 பராமரிப்புச் சட்டப்படி கவுன்சிலின் கடமை.

போன மூன்று மாத ரோட்டாவை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எண்ணுங்கள். இவருக்கென்றே ஒதுக்கிய மணித்தியாலம் எத்தனை, வீட்டில் மற்றவர்களோடு பங்கிட்டது எத்தனை என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். குடும்ப மருத்துவரான ஜீ.பி.யிடம் வருடாந்த உடல் பரிசோதனை நடந்ததா, கூடப் போனவருக்குப் பிள்ளையைத் தெரியுமா என்றும் கேளுங்கள். மனநோய் என்று யாரும் சொல்லாமலே மனநோய் மருந்து ஓடுகிறதா? பத்தாயிரக்கணக்கானோருக்கு இங்கே அப்படி ஓடியது.

பதில் இல்லாத நிறுவனத்துக்கு நம் வரிப்பணம் ஏன் போகிறது என்பதைக் கவுன்சிலரிடம் கேட்க வேண்டும். தேர்தல் வந்தால் அவர் உங்கள் வாசலுக்கு வருவார். உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். ரோட்டாவை மேசையில் விரித்து வையுங்கள். பதில் சொல்லும்வரை அவரை எழும்ப விடாதீர்கள்.