பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த குரூப்?



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்விதான்: "என்ன குரூப் எடுக்கப் போறே?" பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், ஷிப்ட் முடிந்து வரும் மாமா கேட்பார், ரேஷன் கடை வரிசையில் நிற்பவரும் கேட்பார். பதில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு வயது பதினைந்து. அதன் கையில் இருப்பது 500-க்கு இவ்வளவு என்ற ஒரு மதிப்பெண் மட்டும்.

பல வீடுகளில் அந்த மதிப்பெண்ணே முடிவைச் சொல்லிவிடுகிறது. நிறைய வாங்கினால் ஃபர்ஸ்ட் குரூப், நடுத்தரம் என்றால் காமர்ஸ், அதற்கும் குறைவு என்றால் தொழிற்கல்விப் பிரிவு அல்லது ஐடிஐ. மார்க் இறங்க இறங்கப் படிப்பின் மதிப்பும் இறங்கும் என்று நாமாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா?

மொத்த மார்க்கை முதலில் பிரித்துப் பாருங்கள். 400 வாங்கிய இரண்டு பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணுக்குக் கணக்கில் 92, சமூக அறிவியலில் 64. ஒரு பையனுக்குக் கணக்கில் 58, தமிழிலும் சமூக அறிவியலிலும் 90-க்கு மேல். மொத்தம் ஒன்றுதான். இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் யாராவது ஒருவர் இரண்டு வருடம் அவதிப்படுவார். மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்து பத்தாவது வரை ஓட்டிய கணக்கு, பிளஸ் ஒன்னில் ஓடாது. ஆகவே மார்க்கோடு இன்னொன்றையும் பிள்ளையிடம் கேளுங்கள்: யாரும் சொல்லாமலே எந்தப் பாடப் புத்தகத்தை நீ எடுத்துப் படிப்பாய்?

ஒரு குரூப் என்ன தரும் என்று எல்லோரும் கேட்கிறோம். அதை எடுத்தால் எது கைவிட்டுப் போகும் என்று கேட்டால்தான் தெளிவு வரும்.

கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த குரூப்பில் மருத்துவமும் பொறியியலும் இரண்டுமே மிச்சம் இருக்கும்; சுமையும் அதிகம். உயிரியலுக்குப் பதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் நீட் தேர்வும் பி.எஸ்சி. நர்சிங்கும் போகும். கணிதம் இல்லாத தூய அறிவியல் குரூப் எடுத்தால் மருத்துவம், நர்சிங் இருக்கும், பொறியியல் போகும். காமர்ஸ் எடுத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டுமே போகும். ஆனால் பி.காம்., சி.ஏ. போன்ற படிப்புகளுக்கு அடித்தளம் கிடைக்கும். சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடையில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் குரூப் படித்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினீயர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கும் உயிரியல் மார்க்கும் அதில் சேராது. பாதி எடை கணிதத்துக்குத்தான். கணக்கென்றால் வெறுக்கும் பிள்ளையை "ஐடி வேலை கிடைக்கும்" என்று சொல்லி அந்த குரூப்பில் தள்ளுவதால் பயனில்லை.

குரூப்போடு பள்ளியையும் மாற்றுகிற பெற்றோர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியே உண்டு. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் அந்த உரிமை போய்விடும். அதேபோல, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. இடையில் ஆங்கில வழிக்கு மாறினால் அதுவும் கைநழுவும். மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலை என்னவென்று தெரிந்து மாறுங்கள்.

நம் வட்டாரத்துக்கு என்று ஒரு தனி இழுப்பு இருக்கிறது. அது கம்பெனி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள். தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் தொழிற்சாலை. திருவள்ளூரை ஒட்டி மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். காட்டுப்பள்ளியில் துறைமுகம். எல்லை தாண்டினால் ஆந்திராவில் ஸ்ரீசிட்டி. "பிளஸ் டூ முடிச்சா கம்பெனி பஸ்ல ஏறிடலாம், எதைப் படிச்சா என்ன?" என்ற பேச்சு இதனால்தான் வருகிறது.

எல்லோரும் ஒரே கேட் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். உள்ளே போனபின் பாடம்தான் ஆளைப் பிரிக்கிறது. உருகிய இரும்பை வார்ப்பதற்கு முன் அதில் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று லேபில் பார்க்கிறாரே, அவருக்குச் சோறு போடுவது வேதியியல். டிராயிங்கைப் படித்து, மைக்ரோமீட்டரில் அளந்து, இந்த உதிரிபாகம் தேறுமா தேறாதா என்று சொல்பவருக்குக் கணிதம். கழிவுநீர் சுத்திகரிப்பைக் கவனிப்பவருக்கு வேதியியலோடு உயிரியலும். மோட்டார், பேனல் போர்டு பார்ப்பவருக்கு எலக்ட்ரிக்கல். லாரி கேட்டைத் தாண்ட வேண்டுமானால் இன்வாய்ஸும் இ-வே பில்லும் சரியாக இருக்க வேண்டும்; 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் டிஸ்பாட்ச் மேசையில் கணக்குப்பதிவியல் தெரிந்தவருக்கு வேலை கூடியிருக்கிறது. இந்தப் பாடங்கள் எதிலும் பிடிப்பில்லாமல் போகிறவருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது கான்ட்ராக்டில் ஹெல்பர் வேலை. உங்கள் தெருவிலேயே கம்பெனிக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், "உங்க தரம் பார்க்கிற க்யூசி-யில இருக்கிறவர் என்ன படிச்சிருக்கார்? மெயின்டனன்ஸ்ல?" என்றும் பிள்ளையை விட்டே கேட்கச் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன்னே வேண்டாம், நேரே தொழில் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் பதற வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம், பிறகு டைரக்ட் செகண்ட் இயரில் பி.இ. மூன்று வருடம், அதுவும் ஆறுதான். ஐடிஐ-யில் ஃபிட்டர் அல்லது எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம், டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டு, பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டு என்று போனால் ஏழு. ஒரு வருடம்தான் கூடுதல். நடுவில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கவும் இடமுண்டு. ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது: இந்த வழியில் பி.இ. போகிறவரைக் கணிதம்தான் சோதிக்கும். டிப்ளமோ படிக்கும்போதே அதை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு புது நிலைமை. 2018 முதல் நடந்துவந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு விலக்கிக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்தது, நல்லதுதான். ஆனால் குரூப் பொருந்தவில்லை என்பதை எடுத்துக்காட்ட பிளஸ் ஒன் வருடக் கடைசியில் பொதுத்தேர்வு இருக்காது. ஆகையால் முதல் மாதத் தேர்வு, காலாண்டுத் தேர்வுத் தாள்களை வாங்கிப் பாருங்கள். பிள்ளை படித்தும் புரியாமல் திணறினால் உடனே தலைமையாசிரியரைப் பாருங்கள். வகுப்பு தொடங்கிய புதிதில் பேசினால் வழி பிறக்கலாம். பாதி வருடம் போனபின் பேசினால் ஒரு வருடமே போகலாம்.

யாரிடம் கேட்பது என்றால், பாடம் நடத்திய ஆசிரியரிடமே முதலில் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது. அது பிளஸ் டூ பிள்ளைகளுக்குத்தான் என்று இருந்துவிடாமல், பத்தாவது படிக்கும்போதே விசாரியுங்கள். நீங்கள் நினைக்கும் குரூப் பக்கத்துப் பள்ளியில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் கிடையாது. பெண் பிள்ளை பஸ்ஸோ ரயிலோ பிடித்துப் போக வேண்டியிருக்கிறது என்பதற்காகவே அவள் விரும்பிய பாடத்தை மாற்றிவிடும் வீடுகள் உண்டு. இரண்டு தோழிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அந்தச் சிக்கல் பாதி தீரும்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். இந்த குரூப்பை ஏன் எடுக்கிறாய், இதனால் எதை விடுகிறாய் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் பிள்ளை தன் வாயால் பதில் சொல்லிவிட்டால், அது காமர்ஸாக இருந்தாலும் ஐடிஐ-யாக இருந்தாலும் தயங்காமல் கையெழுத்துப் போடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், 480 மார்க் வாங்கியிருந்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் பேசுங்கள்.