சிக்கனம் வேண்டும், நம்ம சாப்பாட்டுல வேண்டாம்!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குத் தலைப்பு "வீட்டில் சிக்கனம்". தலைப்பைச் சொன்னதுமே பின்னாடி ஒரு அம்மா சிரிச்சுட்டு, "வர்ற கூலியே வாய்க்கும் வயித்துக்கும் பத்தல, இதுல என்னத்த சிக்கனம் பண்றது மேடம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறோம்.

நம்ம வட்டாரத்துல ஒரு குழுவில் ஒரு அக்கா இருக்கிறார்கள். பெயர் வேண்டாம். வாரம் 50 ரூபாய் சேமிப்பு, ஒரு வாரம்கூடத் தவறியது கிடையாது. நாங்களும் ஒவ்வொரு கூட்டத்திலும், "இந்த அக்காவைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று கைதட்டச் சொல்வோம். ஒரு நாள் அந்த அக்கா கூட்டத்திலேயே தலைசுற்றி விழுந்துவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் ரத்தம் பரிசோதித்தால், ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்த சோகை. 8-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்த சோகை.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் காலைச் சாப்பாட்டை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. வெறும் டீயோடு வேலைக்குப் போவார்களாம். முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும். "நான் ஒருத்திதானே மேடம், குறைச்சுக்கிட்டா குழுப் பணம் கட்டிரலாம்ல" என்றார்கள். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. நாம் கைதட்டியது அவர்கள் பட்டினிக்கு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. கடைசியாகச் சாப்பிடுவதும், மிஞ்சினதைச் சாப்பிடுவதும் நமக்குப் பழக்கமாகிப் போச்சு. அதனால் சிக்கனம் என்றதும் முதலில் நம்ம தட்டுல கை வைக்கிறோம். பிறகு அந்தச் சேமிப்பு ஆஸ்பத்திரிக்குப் போயிடுது.

பணம் எங்கே ஒழுகுது?

அந்த அக்கா வீட்டில் பதினைந்து நாள் செலவை எழுதச் சொன்னோம். அவர்களுக்கு எழுத வராது. ஏழாவது படிக்கும் மகள் எழுதினாள். எழுத ஆள் இல்லாத வீட்டில் நாலு டப்பா வைங்க: கடை, வட்டி, வைத்தியம், வீட்டுக்காரர் செலவு. பத்து ரூபாய்க்கு ஒரு புளியங்கொட்டை போடுங்க. பதினைந்தாம் நாள் கொட்டி எண்ணினால் கணக்கு தெரிஞ்சிடும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

அவர்கள் நோட்டில் பெரிய ஓட்டை வட்டிதான். மூத்த மகள் கல்யாணத்துக்கு நகையை அடகு வைத்து 20,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். மூணு வட்டி. மாதம் 600 ரூபாய் வட்டி மட்டும் போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. குழுவில் மாதம் 200 ரூபாய் சேமிக்கச் சாப்பாட்டை நிறுத்தியவர், வெளியே மாதம் 600 கட்டிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நாங்கள், "வெளியில கடன் இருக்காக்கா?" என்று கேட்கவில்லை. எங்கள் தப்பு அதுதான்.

குழு கூடித் தீர்மானம் போட்டு, உள்கடன் 20,000 கொடுத்தது. குழுவில் ஒரு வட்டி. முதல் மாதம் 600 இடத்தில் 200. மிச்சம் 400 ரூபாயோடு கொஞ்சம் சேர்த்து அசலில் கட்ட ஆரம்பித்தார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. நகையும் வீட்டுக்கு வந்தது. அந்த வட்டியும் நம்ம குழுவுக்குத்தானே வருது! ஆகவே சகோதரிகளே, வீட்டுச் சிக்கனத்தில் முதல் வேலை வெளிக்கடனைக் குழுக்கடனாக மாற்றுவதுதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. மொத்தமாக வாங்குங்கள். தினமும் கால் கிலோ, நூறு கிராம் என்று பருப்பும் எண்ணெயும் வாங்கினால் விலை கூடத்தான் செய்யும். பதினைந்து பேர் சேர்ந்து மொத்தக் கடையில் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும், மாதம் ஐந்து கிலோ சாமானுக்கு 50 ரூபாய். ஒரு வாரச் சேமிப்பு வந்திடுச்சு! ஆனா பெரிய பாக்கெட் எல்லாமே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். ஷாம்புவில் சில சமயம் சின்ன பாக்கெட்டே மலிவாக இருக்கும். விலையையும் அளவையும் பார்த்து வகுத்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்டுத் தருவார்கள்.

2. அடுப்பு. கொண்டைக்கடலை, பயறு வகைகளை ராத்திரியே ஊற வைங்க. பாத்திரத்தை மூடி வைங்க. கொதி வந்ததும் தீயைக் குறைங்க. எவ்வளவு பெரிசா எரிஞ்சாலும், கொதிக்கிற தண்ணி அதுக்கு மேல சூடாகாது. தீ மஞ்சளா எரிஞ்சு பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் பண்ணணும்.

3. குண்டு பல்பு. மாட்டுக் கொட்டகையில் 60 வாட்ஸ் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட்ஸ் எல்.இ.டி. என்றால் ஒன்றரை யூனிட்கூட வராது.

4. வீணாக்காமல் இருப்பது. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். மிஞ்சின சோற்றில் அன்னைக்கே தண்ணி ஊத்தி வைச்சா காலையில் நீராகாரம். கழனித்தண்ணி மாட்டுக்கு, காய்த்தோல் ஆட்டுக்கு. பாத்திரம் கழுவுற தண்ணி போகிற இடத்தில் இரண்டு வாழை, வேலியோரம் ஒரு முருங்கை. கீரை காசில்லாமல் கிடைக்கும்.

5. நோட்டை வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். பீடி, டீக்கடை, ரீசார்ஜ், பிள்ளைகளோட பாக்கெட் தீனி எல்லாம் அதில் இருக்கட்டும். தினம் பத்து ரூபாய் பாக்கெட் என்றால் மாதம் 300. யாரையும் திட்ட வேண்டாம், வாசித்தால் போதும். அந்த அக்கா வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாமல் எழுந்து போனார். மறுவாரம் முட்டை வாங்கும்போது, "உனக்கும் சேர்த்து வாங்கு" என்றாராம்.

கை வைக்கக் கூடாதவை

நம்ம காலைச் சாப்பாடு, பருப்பு, கீரை, முட்டை. மருந்து, மாத்திரை. பெண் பிள்ளை படிப்பு. எவ்வளவு இறுக்கம் வந்தாலும் இந்த மூன்றிலும் சிக்கனம் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசம். கேட்டு வாங்குங்கள். சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள். அது சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும்.

அந்த அக்கா மாத்திரையும் சாப்பாடுமாகத் தேறி வந்துவிட்டார்கள். நடுவில் ஆறு வாரம் சேமிப்பு கட்டவில்லை. குழு அபராதம் போடவில்லை. அப்படித் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதினார்கள். அந்தக் குழுவை நினைத்து எங்களுக்குப் பெருமை.

இனி ஒவ்வொரு குழுவிலும் ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு பதினைந்து நாள் கணக்கோடு வாங்க, நோட்டோ புளியங்கொட்டையோ. ஊக்குநர்கள் சேமிப்பு வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "வெளியில என்ன வட்டிக்குக் கடன் இருக்கு?", "காலையில என்ன சாப்பிட்டீங்க?" நாங்களும் இனி இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் கைதட்டச் சொல்வோம்.