தேவையை யார் சொல்வது?

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஒரு குடியிருப்பின் தேவைகளைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் கூட்ட அறையில் அமர்ந்தே பட்டியல் போட்டுவிடுகிறோம். அங்கே வாழ்வோரிடம் கேட்பது பட்டியல் முடிந்த பிறகுதான். இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டிய ஒரு பகுதியின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பாகிஸ்தானின் கராச்சி மாநகரில் ஒராங்கி என்னும் பகுதி உள்ளது. ஏழை உழைப்பாளர்கள் அரசின் துணையின்றித் தாமே வீடு கட்டிக் குடியேறிய இடம் அது. 1980ஆம் ஆண்டில் அக்தர் ஹமீத் கான் அங்கே பணி தொடங்கினார். அவர் ஐ.சி.எஸ். பதவியைத் துறந்தவர், கொமில்லாவில் ஆற்றிய கூட்டுறவுப் பணியால் புகழ் பெற்றவர். இத்தனை அனுபவம் இருந்தும் அவர் ஆயத்தமான திட்டம் எதனையும் கொண்டு செல்லவில்லை. தெருத்தெருவாக நடந்தார், மக்கள் சொன்னதைக் கேட்டார்.

மக்கள் சொன்ன குறைகளுள் முதன்மையானது கழிவுநீர். சந்துகளில் சாக்கடை தேங்கி நோய் பரவியது. அரசாங்கம் இலவசமாகச் செய்து தரும் என்று அவர்கள் காத்திருந்தனர். அது வருவதாக இல்லை. ஒப்பந்தக்காரர் கேட்கும் விலையோ அவர்களால் தாங்கக்கூடியதன்று. எனவே வடிவமைப்பை எளிமையாக்கி, ஒப்பந்தக்காரரை நீக்கிக் கணக்கிட்டனர். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் சேர்ந்து ஒரு வீட்டிற்குச் சுமார் 1000 ரூபாயில் அடங்கின.

இருபது முப்பது வீடுகள் கொண்ட சந்தே ஓர் அலகாயிற்று. சந்தில் வாழ்வோர் தம்முள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தனர்; பணம் திரட்டியவரும் அவரே. திட்டத்தார் மட்டம் பார்த்து, வரைபடமும் மதிப்பீடும் தந்து, கருவிகளை இரவல் கொடுத்தனர். மக்களின் பணத்தைத் தொடவில்லை. தொடக்கத்தில் சிமெண்ட் கலவையில் தவறுகள் நேர்ந்தன, கற்பித்துத் திருத்தினர். பின்னர் அப்பகுதி இளைஞர்களே பயிற்சி பெற்றுச் சந்துகளையும் ஓடைகளையும் அளந்து வரைந்தனர். பெருங்குழாய்களும் சுத்திகரிப்பும் அரசின் கடமை என்று வாதிட அவ்வரைபடங்களே சான்றாயின.

பெருமக்களே! "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது பாதிக் கேள்விதான். "இதில் நாம் செய்யக்கூடியது எது, அரசு செய்ய வேண்டியது எது?" என்பது மறுபாதி. முதற்பாதியை மட்டும் கேட்டால் கையில் மனு மிஞ்சும். இரண்டையும் கேட்டால் குடியிருப்போர் பொறுப்பாளர்கள் ஆவார்கள்.

நம் மஹல்லாவிலும் தேவைகளைக் கணக்கெடுக்கும்போது ஒவ்வொரு தெருவிலும் போய் அமர்வோம். கூட்டத்திற்கு வர இயலாத பெண்கள், வாடகைக்கு இருப்போர், முதியோர் ஆகியோரின் சொல்லை முதலில் எழுதுவோம். எழுதியதை அதே தெருவில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்போம். அதன் பின்னரே நிதியைப் பற்றிப் பேசுவோம். வரிசை இவ்வாறு அமைந்தால்தான், செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் உண்மையான தேவையைச் சென்றடையும்.