மனச்சோர்வு மருந்தும் தொழிலாளியின் ஊதிய நாளும்

கெட்டமின் புதிய மருந்தன்று. 1970-இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி பெற்றது. பிற மருந்துகளால் தணியாத மனச்சோர்வையும் சில மணி நேரத்தில் தணிக்கவல்லது. ஆயினும், ஒரு முறை செலுத்திய பயன் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் மங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டும். அன்று எந்திரத்தைத் தொடலாகாது. பெங்களூர் பீன்யாத் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரம் இயக்கும் கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் ஊதிய இழப்பாகும். மருந்தின் விலையை ஆராய்வோர் இதனைக் கணக்கில் கொள்வது அரிது.

போதைக்காக நெடுநாள் உட்கொள்வோருக்குச் சிறுநீர்ப்பை அழற்சி ஏற்படுகிறது, நினைவாற்றலும் குன்றுகிறது. மருத்துவ அளவில் பல்லாண்டுகள் தருவதன் விளைவு இன்னும் ஆய்வில்தான் உள்ளது. 2013-இல் இந்திய அரசு இம்மருந்தை எக்ஸ் அட்டவணையில் சேர்த்தது பொருத்தமே. அதன்படி மருந்துச் சீட்டின் நகலை விற்பனையாளர் 2 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியின் பிந்தைய உடல்நிலையை அந்நகல் கூறாது. அதற்கு மருத்துவமனைகளில் தனிப் பதிவேடு வேண்டும்.